தொழிற்பயிற்சியும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியலமைப்புச் சட்டத்தை வகுத்தளித்த பேரறிஞர் என்று அறியாதார் நம்மிடையே இலர். மகத் நகரின் குளத்தில் நீருரிமைக்காகப் போராடியவர் என்பதையும், வட்டமேசை மாநாடுகளில் நம் மக்களின் உரிமைக்காக வாதாடியவர் என்பதையும், 1956ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியவர் என்பதையும் பள்ளிச் சிறுவரும் எடுத்துரைப்பர். ஆயினும் 1942 முதல் 1946 வரை நான்காண்டுக் காலம் இந்திய அரசின் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது என்பதும், தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு ஆகிய துறைகளில் அவர் ஆழ்ந்த கருத்துச் செலுத்தினார் என்பதும் பலர் அறியாதவை. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அப்பெருமகனாரின் வாழ்வை இக்கோணத்தில் நின்று காண்பது நம் இளைஞர்க்குப் பயன் தரும் என்று கருதுகிறேன்.

இளமையும் கல்வியும்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் உள்ள மோவ் என்னும் படைவீரர் குடியிருப்பில், இராம்ஜி சக்பால், பீமாபாய் இணையருக்குப் பதினான்காவது குழந்தையாகப் பீமராவ் பிறந்தார். தந்தையார் படையில் சுபேதார்; படைவீரர் பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கியவர். அக்காலத்தில் படையில் பணிபுரிந்தோரின் குடும்பத்தாருக்குக் கல்வி கட்டாயமாக இருந்தது. ஊர்ச் சேரியில் எழுத்தறியாது கிடந்த ஒரு சமுதாயத்தில், படைக் குடியிருப்பில் வாழ்ந்தோர் மட்டும் எழுத்தறிவு பெற்றதற்கு இதுவே காரணம். எல்லார்க்கும் ஒரே விதி என்று வைத்துவிட்டால், சாதி மூடிய கதவும் திறக்கும் என்பதற்கு அவர் பிறந்த வீடே ஒரு சான்றாக இருந்தது.

அக்குடியிருப்புக்கு வெளியே நிலைமை வேறு. சதாராவில் பள்ளியில் பயின்றபோது, வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணிச் சாக்கின்மீது தனியே அமர்ந்து படித்தார். தாகம் எடுத்தால் பள்ளிச் சிப்பந்தி வந்து உயரத்திலிருந்து நீர் வார்க்க வேண்டும்; சிப்பந்தி வாராத நாளில் நீர் இல்லை. இவ்விழிவுகளுக்கிடையே 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு பட்டம் பெற்றார். 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் சென்றார்; உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் நாடு திரும்ப நேர்ந்தது.

அவ்வாண்டு பரோடா அரசில் உயர்ந்த பதவி ஒன்றை ஏற்றார். இரு கண்டங்களில் பயின்ற அறிஞருக்கு அங்குக் கிடைத்த வரவேற்பு யாது? அலுவலகச் சிப்பந்திகள் கோப்புகளை எட்ட நின்று மேசைமீது எறிந்தனர். தங்குவதற்கு வீடு தருவார் எவரும் இலர். பார்சிகளின் விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். செய்தி வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. படிப்பும் பட்டமும் ஒருவனுக்குத் தகுதியைத் தரும். அத்தகுதியை உலகம் ஏற்க வேண்டுமாயின், அதன் பின்னே சட்டமும் அமைப்பும் நிற்க வேண்டும். அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்திலும் இவ்வுண்மை ஊடுருவி நிற்பதைக் காணலாம்.

பின்னர்ப் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. பட்டங்களும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றுத் திரும்பினார். 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். மாணவர் விடுதிகளும் நூலகங்களும் அமைப்பது மட்டுமன்றி, தொழிற்பள்ளிகளையும் வேளாண் பள்ளிகளையும் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களின் பொருளாதார நிலையை உயர்த்துவதும் அச்சபையின் நோக்கங்களுள் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. ஏட்டுக் கல்வியும் தொழிற்கல்வியும் இரு கண்களெனத் தொடக்கத்திலேயே அவர் கருதினார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆலைக்குள் புகுந்த தீண்டாமை

அண்ணல் அவர்கள் பல்லாண்டுகள் வாழ்ந்தது பம்பாய்ப் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஆகும். எனவே ஆலை வாழ்க்கை அவருக்குக் கேள்வியறிவு அன்று, கண்கூடு. ஊரைவிட்டு நகருக்கு வந்து இயந்திரத்தின் முன் நின்றால் சாதி ஒழிந்துவிடும் என்று எண்ணுவோர் அன்றும் இருந்தனர். பஞ்சாலைகளின் நிலை அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. நூற்புப் பகுதியில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வேலை உண்டு, கூலி குறைவு. கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் அவர்களுக்கு இடமில்லை. தறியில் நூல் தீர்ந்தால், புதிய நூலை ஓடத்தின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோன் வாய் வைத்த ஓடத்தில் தாம் வாய் வைப்பதா என்று ஏனைய சாதித் தொழிலாளர் மறுத்தனர். திறமை இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. திறமையைக் கற்கும் இடத்திற்கே அவர்களை விடவில்லை.

1928ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது இக்கொடுமையை அண்ணல் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். தாழ்த்தப்பட்ட தொழிலாளர்க்கு எல்லாப் பகுதிகளிலும் வேலை பெறும் உரிமை வேண்டும் என்பதைக் கோரிக்கைகளுள் சேர்க்குமாறு வற்புறுத்தினார். அத்தலைவர்கள் தயங்கிப் பின்னரே இசைந்தனர்.

அதே ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையைத் திருத்தும் மசோதா ஒன்றையும் கொணர்ந்தார். வதன் என்பது பரம்பரை ஊர்ப்பணி. சிறு துண்டு நிலத்தையும் அற்பக் கூலியையும் காட்டி, ஒரு குடும்பத்தாரை அரசு ஊழியர்க்கும் ஊரார்க்கும் இரவு பகலின்றி ஏவல் செய்ய வைத்த முறை அது. அதற்குப் பயிற்சியும் தேர்வும் இல்லை, வேலை நேரத்துக்கு வரையறை இல்லை, உயர்வும் இல்லை. தந்தை செய்தான், ஆதலால் மகனும் செய்ய வேண்டும் என்பதொன்றே அதன் இலக்கணம்.

1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியபோது, இரயில்வேயின் நிலையை அவர் விரித்துரைத்தார். நம் மக்கள் தண்டவாளத்தில் கேங்மேன்களாகப் புகுந்து, கேங்மேன்களாகவே ஓய்வு பெற்றனர். நிலையத்தில் போர்ட்டர் வேலையும் அவர்களுக்கு எட்டவில்லை. போர்ட்டரை நிலைய அதிகாரிகள் தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்தியமையால், தீண்டத்தகாதவன் அவ்வேலைக்கு ஆகான் என்றாயிற்று. பணிமனைகளில் மெக்கானிக் வேலையில் அவர்களைக் காண்பதே அரிது. அரசாங்கத்தின் இரயில்வேயிலேயே இந்நிலை என்றால், தனியார் தொழிற்சாலைகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

இதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு என்னும் நூலில் இதன் வேரை அவர் காட்டியிருந்தார். சாதி என்பது வேலைப் பங்கீடு என்று சிலர் நியாயம் கூறுவர். அஃது உழைப்பவரையே மேல் கீழ் என்று பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அவர் நிறுவினார். ஒருவன் தன் ஆற்றலுக்கு ஏற்ற தொழிலைத் தானே தேர்ந்து அதில் பயிற்சி பெற வேண்டும். பிறப்பை வைத்து முன்கூட்டியே தொழிலை ஒதுக்கும் முறையில் விருப்பத்துக்கும் இடமில்லை, திறமைக்கும் இடமில்லை என்பது அவர் கொள்கை. அதே ஆண்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார்.

தொழிலாளர் துறைப் பொறுப்பு

1942ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் பொறுப்பேற்றார். அத்திங்களிலேயே நாகபுரியில் அகில இந்திய தாழ்த்தப்பட்டோர் சம்மேளனம் உருவாயிற்று. அதன் தலைவராகச் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டமை தமிழ் மக்களாகிய நமக்குப் பெருமை.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் படையின் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கும் பிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தேர்ந்த தொழிலாளர் பல்லாயிரவர் தேவைப்பட்டனர். நாட்டில் அத்தகையோர் போதிய அளவில் இல்லை. அதுகாறும் தொழில் கற்பது என்பது மேஸ்திரியின் கையில் இருந்தது. அவர் தம் உறவினரையும் தம் சாதியாரையும் அழைத்து வருவார்; பக்கத்தில் வைத்துப் பழக்குவார்; தேறினான் என்று அவரே முடிவு செய்வார். அவர் வாய்ச்சொல்லே சான்றிதழ். அச்சொல் அவ்வாலையின் வாயிலோடு நின்றுவிடும். அவருடைய தயவு இல்லாதவனுக்குத் தொழிலும் இல்லை, சொல்லும் இல்லை.

இக்குறையைப் போக்க 1940ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் துறை தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. பொறியியற் கல்விக்கூடங்களிலும் பணிமனைகளிலும் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. பயில்வோர்க்குக் கட்டணம் இல்லை. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. இளைஞர் சிலர் பெவின் திட்டத்தின்கீழ் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு அங்குள்ள பயிற்சி நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் பயின்று வந்தனர். போரின் நெருக்கடியில் பிறந்த இத்திட்டங்கள் அண்ணலின் பொறுப்பில் வந்தபோது, அவற்றால் நம் மக்களுக்கு விளையக்கூடிய நன்மையை அவர் நன்குணர்ந்தார்.

1942ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து வைசிராய்க்கு நீண்டதொரு விண்ணப்பம் அளித்தார். அரசுப் பணிகளில் ஒதுக்கீடும், உயர்கல்விக்கு உதவித்தொகையும் கேட்ட அவ்விண்ணப்பத்திலேயே தொழில்நுட்பப் பயிற்சியையும் தனியே வலியுறுத்தினார். அரசு அச்சகங்களும் இரயில்வேப் பணிமனைகளும் அரசின் கையில் இருப்பவை. அங்குத் தாழ்த்தப்பட்ட இளைஞரைத் தொழிற்பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். அன்று மன்மாடில் தொழிலாளர் கூட்டத்தில் கூறிய குறைக்கு, இன்று அரசின் உள்ளிருந்தே பரிகாரம் தேடினார்.

பலன் கிட்டியது. 1943இல் மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு 8⅓ இடங்கள் ஒதுக்கி ஆணை பிறந்தது. 1944இல் மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கு உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பெற்றுவரும் உதவித்தொகைக்கு மூலம் அதுவே.

தொழிலாளர், முதலாளி, அரசு ஆகிய முத்தரப்பினரும் ஒன்றாக அமர்ந்து பேசும் மாநாடும் நிலைக்குழுவும் 1942 முதல் அவர் தலைமையில் இயங்கின. தேர்ந்த தொழிலாளரையும் வேலை தருவோரையும் இணைக்கும் வேலைவாய்ப்பு நிலையங்கள் பற்றிய முன்மொழிவு 1943இல் அங்கு ஆராயப்பட்டது. போர் முடியும் தறுவாயில், 1945ஆம் ஆண்டு ஜூலையில், படையிலிருந்து விடுவிக்கப்படுவோர்க்கு வேலையும் பயிற்சியும் தரும் பொருட்டு மீள்குடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் நிறுவப்பட்டது. வேலை தேடுவோன் ஆலை வாயிலில் மேஸ்திரியின் முகம் பார்த்து நிற்காமல், அரசு அலுவலகத்தில் தன் தகுதியைப் பதிந்து அழைப்பை எதிர்பார்க்கும் முறை வேரூன்றியது.

அவர் 1943 டிசம்பரில் தன்பாத் சென்று நிலக்கரிச் சுரங்கத்தினுள் இறங்கித் தொழிலாளர் நிலையைக் கண்டதும், 1944இல் சுரங்கத் தொழிலாளர் நலநிதி ஏற்பட்டதும், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்திற்கு 54 மணியாக இருந்த வேலை நேரத்தை 48 மணியாகக் குறைக்கும் சட்டத் திருத்தம் 1946இல் நிறைவேறியதும் இக்காலத்தின் பிற சாதனைகள்.

அரசியலமைப்பில் இட்ட வித்து

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அரசியலமைப்பு வரைவுக் குழு அமைந்தது. அண்ணல் அதன் தலைவரானார். அக்குழு உருவாக்கிய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையை நம்மில் பலர் புரட்டிப் பார்ப்பதில்லை. மத்திய அரசும் மாநில அரசும் ஆகிய இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில், தொழிலாளர்க்கான தொழிற்பயிற்சி, தொழில்நுட்பப் பயிற்சி என்பது 25ஆம் இனமாக இடம்பெற்றது. கல்வி பெரும்பாலும் மாநிலப் பட்டியலில் இருந்த அக்காலத்தில், தொழிற்பயிற்சி மட்டும் இரு அரசுகளுக்கும் பொதுவான கடமையாயிற்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி, பொருளாதார நலன்களை அரசு தனிக்கவனத்துடன் பேண வேண்டும் என்று 46ஆம் விதி கூறிற்று.

இவ்வித்து முளைத்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். 1946 செப்டம்பரில் தொழிலாளர் துறைப் பொறுப்பு பாபு ஜகஜீவன்ராம் அவர்களிடம் சென்றது. அவர் காலத்தில், 1950இல், கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகின. 1956இல் நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றின் தரத்தைக் காக்க அதே ஆண்டில் தேசிய மன்றம் ஒன்று அமைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் நிறைவேறியது. 1973இல் அச்சட்டத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1942இல் அண்ணல் கேட்டது, 31 ஆண்டுகளுக்குப் பின் நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று.

இன்றைய நிலை

தேசிய தொழிற்சான்றிதழின் சிறப்பு யாது? கோயம்புத்தூரில் பயின்ற பிட்டருக்கும் ஜாம்ஷெட்பூரில் பயின்ற பிட்டருக்கும் பாடத்திட்டம் ஒன்று, பயிற்சிக் காலம் ஒன்று, அகில இந்தியத் தொழில்தேர்வும் ஒன்று. அச்சான்றிதழில் தந்தையின் தொழில் எழுதப்படுவதில்லை. இரும்பை இத்தனை நுட்பமாக அராவுவான், இவ்வரைபடத்தைப் படித்து இப்பொருளைச் செய்வான் என்பதே அங்குக் கணக்கு. ஓடத்தில் யார் வாய் வைப்பது என்று கேட்ட உலகத்திற்கு இதனினும் தக்க விடை இல்லை.

2013ஆம் ஆண்டில் தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. பத்து நிலைகளாக அமைந்த அது 2023இல் எட்டு நிலைகளாகத் திருத்தப்பட்டது. பிறர் மேற்பார்வையில் ஒரே வகை வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வோன் கீழ்நிலையில் இருப்பான். தானே திட்டமிட்டுச் செய்து, பிறர் வேலைக்கும் பொறுப்பேற்போன் மேல்நிலையில் இருப்பான். எத்தொழிலாயினும் அளவுகோல் ஒன்றே. 2018இல் இத்தரங்களைக் கண்காணிக்கத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக்கான தேசிய மன்றம் அமைக்கப்பட்டது. பள்ளி செல்லாது வேலையிலேயே தொழில் பழகியவர்களையும் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடும் உண்டு. கொத்து வேலையிலும் கம்பி கட்டும் வேலையிலும் இருபதாண்டு பழகியும் கையில் ஒரு தாள் இல்லாத நம்மவர் எத்தனை பேர்! அவர்கள் இதனை அறிந்து பயன்பெற வேண்டும்.

இளைஞர்க்கு

நம் இளைஞர் தொழிற்பயிற்சியைத் தோற்றவர்க்கான இடம் என்று எண்ணி ஒதுங்குவதும், பெற்றோர் அதனைக் குறைவாகக் கருதுவதும் வருந்தத்தக்கன. இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை ஆராய வேண்டும். கைத்தொழிலை இழிவென்று கூறியது சாதி. அச்சொல்லை நாமே திருப்பிச் சொல்வது தகுமோ?

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. தொழிற்பயிற்சி வேறு, குலத்தொழிற் பயிற்சி வேறு. 1953இல் சென்னை மாநிலத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படித்துவிட்டு மறு அரைநாள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. மக்கள் அதனைக் குலக்கல்வி என்று கண்டு எதிர்த்தனர். 1954இல் அது கைவிடப்பட்டது. இன்று எந்தப் பயிற்சி நம்மை நாடி வந்தாலும் இக்கேள்வியை எழுப்ப வேண்டும்: இஃது என்னை நான் தேர்ந்த தொழிலுக்கு உயர்த்துகிறதா, என் பாட்டனை வைத்திருந்த இடத்திலேயே சான்றிதழ் கொடுத்து நிறுத்துகிறதா? துடைப்பத்தைப் பிடித்த கையிலேயே புதுத் துடைப்பத்தைக் கொடுத்து அதற்கு ஒரு நிலையெண் வழங்கினால் அது முன்னேற்றம் ஆகாது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும், அத்தொழிலினின்று மீட்கப்பட்டோரின் குடும்பத்தில் ஒருவர்க்கு உதவித்தொகையுடன் வாழ்வாதாரத் திறன் பயிற்சி அளிக்க வேண்டும் என்று விதித்துள்ளது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுதல் நம் கடமை.

பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவர்களுக்கு நான் கூறுவது இது. அண்டை வீட்டார் சேர்ந்த பிரிவில் சேராதீர். உம் விருப்பத்தையும் ஆற்றலையும் ஆராய்ந்து பிரிவைத் தேர்வு செய்வீர். சேருமுன் அந்நிலையத்திற்கும் அப்பிரிவுக்கும் தேசிய மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேட்பீர். சில வாரப் பயிற்சிக்கும் இரண்டாண்டுப் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வீர். சான்றிதழ் பெற்றபின் தொழிற்பழகுநராகச் சேர்வதையும், அடுத்த நிலைக்கு ஏறுவதையும் மறவாதீர். முதற்படியில் நின்றுவிடுபவனுக்கு ஏணியால் பயனில்லை.

நம் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். 25 ஆண்டுகளாகப் பள்ளிப் படிப்புக்கும் கல்லூரிப் படிப்புக்கும் துணைநின்றோம். இனி ஆண்டுதோறும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் ஆண், பெண் பிள்ளைகளையும் கணக்கெடுத்து, கருவிகள் வாங்கவும் தேர்வுக்கு ஆயத்தம் செய்யவும் உதவுவோமாக. 1924இல் தம் சபையின் நோக்கங்களுள் விடுதியோடும் நூலகத்தோடும் தொழிற்பள்ளியையும் சேர்த்து எழுதிய அண்ணலின் வழி அதுவே ஆகும்.